தூரத்தில் இருந்தவர்கள்

ஐம்பதைத் தாண்டியவர்கள் நாலைந்து பேர் இரவில் ஒன்றாக உட்கார நேர்ந்தால் போதும். கல்யாண மண்டபத்து மொட்டைமாடியாக இருக்கலாம், ஆஸ்பத்திரி வராந்தாவாக இருக்கலாம், தாமதமாகிக்கொண்டே போகும் ரயிலுக்காகக் காத்திருக்கும் பிளாட்பாரமாக இருக்கலாம். பிள்ளைகளின் வேலை, சர்க்கரை அளவு, மனை விலை எல்லாம் பேசித் தீர்ந்த பிறகு யாராவது ஒருவர் ஆரம்பிப்பார்: "ராஜீவ் காந்தி செத்த அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்க?" அதுவரை கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தவர்கூட நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். ஒருவர் செகண்ட் ஷோ முடிந்து வெளியே வந்திருப்பார். ஒருவர் விழுப்புரத்தில் டிரைவரும் கண்டக்டரும் பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டு இறங்கிப்போன பிறகு விடியவிடிய அதற்குள்ளேயே உட்கார்ந்திருந்திருப்பார். ஒருவர் வீட்டில் மறுநாள் நிச்சயதார்த்தம். வாங்கிவைத்த பாலையெல்லாம் என்ன செய்வதென்று தெரியாமல் தெருவுக்கே காய்ச்சிக் கொடுத்திருப்பார்கள். யார் சொன்னது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தோம், பக்கத்தில் இருந்தவர் என்ன சொன்னார், வீட்டுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தோம் என்ற நாலும் எல்லோர் கதையிலும் தவறாமல் இருக்கும். இல்லாத ஒரே ஆள் ராஜீவ் காந்தி. 1991 மே 21 இரவு பத்தேகால் மணி வாக்கில் ஸ்ரீபெரும்புதூரில் அவரோடு செத்தவர்கள் பத்துப் பேருக்கும் மேல். போலீஸ்காரர்கள், கட்சிக்காரர்கள், அவருக்குக் கவிதை சொல்லிக்காட்ட வந்த ஒரு சிறுமி. மொட்டைமாடிப் பேச்சில் அந்தச் சிறுமி வந்து நான் கேட்டதில்லை. பால் வரும், பஸ் வரும். சொல்லி முடித்ததும் சொன்னவர் முகத்தில் ஒரு நிறைவு வரும், விருந்தில் தன் இலைக்கும் பரிமாறிவிட்டார்கள் என்பதுபோல. அந்த நிறைவுதான் சில காலமாக என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. என் முகத்திலும் அது வருகிறது என்று தெரிந்த பிறகு உறுத்தல் கூடிவிட்டது.

இதை நினைவின் நம்பகம் பற்றிய விவகாரமாக எடுத்துக்கொண்டால் சுலபமாகத் தப்பித்துவிடலாம். எனக்குத் தெரிந்த ஒருவர், ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், அன்று ராத்திரி சன் டிவியில் செய்தி ஓடியதைப் பார்த்ததாக அடித்துச் சொல்வார். சன் டிவி வந்தது 1993 சித்திரையில். அவர் மனைவி ஒருமுறை, "அப்ப ஏதுங்க சன் டிவி?" என்று கேட்டபோது, "கேபிள்காரன் போட்டான்டி" என்று முடித்துவிட்டார். வெடிப்புக்குச் சற்றுமுன் எடுத்த அந்தப் படத்தை, கையில் மாலையோடு நிற்கும் பெண்ணை, மறுநாள் காலைப் பேப்பரிலேயே பார்த்ததாகச் சொல்பவர்களும் நிறைய. செத்துப்போன புகைப்படக்காரரின் கேமராவிலிருந்து வந்த படங்கள் வெளியாகச் சில நாட்கள் ஆயின. உல்ரிக் நைசர் என்ற அமெரிக்க உளவியலாளருக்கு இதே மாதிரி ஒரு நினைவு இருந்தது: பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்ட செய்தி வந்தபோது சிறுவனான அவர் ரேடியோவில் பேஸ்பால் வர்ணனை கேட்டுக்கொண்டிருந்தார். பல வருடம் கழித்துத்தான் டிசம்பர் மாதத்தில் ஏது பேஸ்பால் என்று அவருக்கு உறைத்தது. 1986 ஜனவரியில் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள் காலை தன் மாணவர்களிடம் எங்கே இருந்தீர்கள், யார் சொன்னார்கள் என்று எழுதி வாங்கி வைத்துக்கொண்டு, இரண்டரை மூன்று வருடம் கழித்து அதே கேள்விகளைத் திரும்பக் கேட்டார். நாலில் ஒருவருக்கு ஒன்றுகூடச் சரியாக இல்லை. தன் கையெழுத்தைக் காட்டிய பிறகும், எழுதினது நான்தான், ஆனால் நடந்தது இதில்லை என்று சொன்னவர்கள் உண்டு. வங்கிக்காரரின் வீட்டம்மா இதைக் கேட்டால் சிரிப்பார். எனக்கு இதில் பெரிய அதிர்ச்சி ஒன்றும் இல்லை. எத்தனையோ விஷயங்களை நாம் தப்பாக ஞாபகம் வைத்திருக்கிறோம். ராஜீவ் காந்தி செத்த ராத்திரியை மட்டும் சரியாக வைத்திருக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்? என் சந்தேகம் வேறு. தப்பாகவாவது எதை வைத்துக்கொள்கிறோம், எதைத் தப்பாகக்கூட வைத்துக்கொள்வதில்லை என்பது.

அன்று நான் இருந்தது திருவாரூரில். மறுநாள் விடிகாலை தெருவில் ஏதோ சுரண்டும் சத்தம் கேட்டு எழுந்தேன் என்று என் கதை ஆரம்பிக்கும். எதிர்வீட்டுக்காரர் தி.மு.க.வில் வட்டப் பிரதிநிதி. தேர்தலுக்காகத் தன் வீட்டு மதில் முழுக்க உதயசூரியன் எழுதியிருந்தார், மலைகளுக்கு மேல் ஏழெட்டுக் கதிர், கீழே வேட்பாளர் பெயர். மே 22 காலை லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு கரண்டியால் அதைச் சுரண்டிக்கொண்டிருந்தார். ராத்திரியே செய்தி வந்திருக்கிறது. பக்கத்து ஊர்களில் கட்சிக் கொடிமரங்களை வெட்டுகிறார்கள், கட்சிக்காரர்கள் வீட்டில் கல் விழுகிறது என்ற தகவலும் கூடவே வந்திருக்கிறது. சுரண்டிப் பார்த்துத் தீராமல் வாளியில் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வந்தார். மட்டையால் அடித்தார். சுண்ணாம்பு ஈரமாக இருக்கிறவரை அடியில் இருப்பது தெரியத்தான் செய்யும், காய்ந்தால்தான் வெளுக்கும். அவருக்குக் காய்கிறவரை பொறுக்க முடியவில்லை. மறுபடி அடித்தார், இன்னும் ஈரமாயிற்று, சூரியன் இன்னும் நன்றாகத் தெரிந்தது. கடைசியில் உள்ளேயிருந்து நார்க்கட்டிலைத் தூக்கிவந்து மதிலில் சாய்த்து வைத்து, அதன்மேல் அவர் வீட்டம்மாவின் நனைந்த புடவை ஒன்றை உலர்த்துவதுபோலப் போட்டார். இதைச் சொல்லும்போது மொட்டைமாடியில் எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிக்கச் சிரிக்கத்தான் சொல்வேன். அவரிடம் போய் யாரும் "அன்னைக்கு எங்க இருந்தீங்க" என்று கேட்டிருப்பார்கள் என்று தோன்றவில்லை. கேட்டிருந்தால், வாளிக்கும் மதிலுக்கும் நடுவில் இருந்த அந்த அரைமணி நேரத்தை அவர் எப்படிச் சொல்லியிருப்பார் என்றும் தெரியவில்லை. பயந்தவருக்கு இடம் ஞாபகம் இருக்காது என்று சொல்லவில்லை, இருக்கும். ஆனால் அது கேட்பவர்களை நிமிர்ந்து உட்காரவைக்கிற கதையாக ஆகாது. அந்த நாள் அகதி முகாம்களில் இருந்த ஈழத்தவர்களுக்கு எப்படி விடிந்தது என்பதும் நம் பேச்சில் வராது. அடுத்த வருடமே பலரைக் கப்பலேற்றி அனுப்பிவைத்தோம்.

இந்திரா காந்தி சுடப்பட்ட 1984 அக்டோபர் 31-க்கும் இதுவேதான். இங்கே எல்லோர் வீட்டிலும் டிரான்சிஸ்டர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது, எம்.ஜி.ஆர். அப்பல்லோவில் இருந்தார், ஜனங்கள் மண்சோறு தின்றுகொண்டிருந்தார்கள். அதனால் நம் ஊர்க்காரர்களின் இந்திரா நினைவில் பாதி எம்.ஜி.ஆர். கலந்திருக்கும். காலை ஒன்பதரை மணிக்குள் சுட்டார்கள். அகில இந்திய வானொலி சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் வாய் திறந்தது, அதற்கு எத்தனையோ மணி நேரம் முன்பே பிபிசி சொல்லிவிட்டது. தூர்தர்ஷனில் சல்மா சுல்தான் செய்தி வாசித்தார். பிபிசியில் முதலில் கேட்டது தன் அப்பாதான் என்று ஒரு தலைமுறையே சொல்லும். அத்தனை அப்பாக்களுக்கும் சிற்றலை ரேடியோவில் ஆங்கிலம் புரிந்திருந்தால் நாடு வேறு மாதிரி இருந்திருக்கும். அப்புறம் தீன்மூர்த்தி பவனில் கிடத்தியிருந்த உடல், வரிசை, ஷெனாய். இந்த நினைவு முழுக்க டெல்லியில் நடந்ததைப் பற்றியது. அதே டெல்லியில் அதே நாட்களில் திரிலோக்புரியில் இருந்த சீக்கியப் பெண்ணுக்கு இதில் ஒரு காட்சிகூடப் பொதுவாக இருந்திருக்காது. அரசாங்கமே பிறகு ஒப்புக்கொண்ட கணக்குப்படி டெல்லியில் மட்டும் கொல்லப்பட்ட சீக்கியர்கள் 2,733 பேர். தப்பித்தவர்களிடம் "அன்றைக்கு எங்கே இருந்தீர்கள்" என்றால், யார் வீட்டுப் பரணில், எந்தத் தண்ணீர்த் தொட்டியில், முடியை வெட்டியது யார் என்றுதான் அர்த்தம். ஒரே தேதி, ஒரே ஊர். நாம் தேசியத் துயரம் என்று பெயரிட்டு வைத்திருப்பது முதல் நாளின் ஒரு சாவை. அடுத்த மூன்று நாட்கள் நமக்கு லீவு நாட்கள். பள்ளிக்கூடம் இல்லை, டிவியில் படம் இல்லை என்று அந்த வயதில் எரிச்சல்பட்டது நன்றாகவே ஞாபகம் இருக்கிறது.

நைசருக்கு முன்னால், 1977-ல், பிரௌன், குலிக் என்ற இருவர் இந்த மாதிரி நினைவுகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். கேமரா பளிச்சிடும் நொடியில் எல்லாம் பதிந்துவிடுவதுபோல மூளையில் பதிகிறது என்பது அவர்கள் வாதம். பிற்பாடு வந்தவர்கள் அந்த வாதத்தைக் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டார்கள். ஆனால் அந்தக் கட்டுரையில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது, அதை யாரும் கிழிக்கவில்லை, அதிகம் எடுத்துப் பேசவும் இல்லை. நாற்பது வெள்ளையர்களிடமும் நாற்பது கறுப்பர்களிடமும் பல கொலைகளைப் பற்றிக் கேட்டார்கள். கென்னடி சுடப்பட்டபோது எங்கே இருந்தோம் என்பதை ஏறக்குறைய எல்லோருமே சொன்னார்கள், இரண்டு பக்கமும். மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்டபோது எங்கே இருந்தோம் என்பதைச் சொன்னவர்கள் கறுப்பர்களில் 30 பேர். வெள்ளையர்களில் 13. நாட்டின் அத்தனை ரேடியோவும் டிவியும் சொன்ன செய்திதான். தெரியாமல் போக வழியில்லை. இருபத்தேழு வெள்ளையர்கள் அன்று சாயங்காலம் ஏதோ ஓரிடத்தில் அதைக் கேட்டிருப்பார்கள், ஐயோ என்றும் சொல்லியிருப்பார்கள், கேட்ட இடத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு வரவில்லை. அவர்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று சொல்ல மாட்டேன். துக்கம் தன்னுடையது இல்லை என்று மனசு நம்மைக் கேட்காமலே முடிவு கட்டிவிடுகிறது, அவ்வளவுதான். அந்த முடிவு எடுக்கப்பட்ட தடயம் வேறெங்கும் கிடைக்காது. நாம் எதற்காக அழுதோம் என்று சொல்வதையெல்லாம் நம்பத் தேவையில்லை. கேட்ட இடம் ஞாபகம் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். அந்த இருபத்தேழு பேரைப் பற்றிப் படித்ததிலிருந்து மொட்டைமாடிப் பேச்சு எனக்குக் கொஞ்சம் கசக்க ஆரம்பித்துவிட்டது.

இந்தக் கேள்வியைக் கேட்க முடிவதே தூரத்தில் இருந்தவர்களிடம்தான் என்பதும் மெதுவாகத்தான் உறைத்தது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி. காலை ஆறரைக்குச் சுமத்ரா பக்கம் பூமி ஆடியதில் சென்னையில் பாத்திரம் ஆடியது, கட்டில் ஆடியது என்று தலைக்கு ஒரு கதை உண்டு. என்னிடமும் ஒன்று இருந்தது, ஷெல்ஃபில் டம்ளர்கள் கிணுகிணுத்தது. அலை நாகப்பட்டினத்துக்கு வந்தபோது ஒன்பது மணி இருக்கும். அந்த மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல். சில மாதம் கழித்து ஒரு வேலையாகக் கீச்சாங்குப்பம் போனபோது, தற்காலிகக் குடியிருப்பில் தார்ஷீட் வெக்கையில் உட்கார்ந்து ஒரு அம்மா காரப்பொடி மீனை உலர்த்திக்கொண்டிருந்தார். தொண்டு நிறுவனத்துக்காரர்களும் பத்திரிகைக்காரர்களும் கலெக்டர் ஆபீஸ்காரர்களும் நோட்டும் கையுமாக வந்து வந்து கேட்டு, அந்த ஊரில் எல்லோருக்கும் பதில் மனப்பாடம் ஆகியிருந்தது. நானும் கேட்டேன். அவர் மீனைக் கிளறுகிற கையை நிறுத்தவில்லை. "இங்கதான்" என்றார். அப்புறம், வந்தவனிடம் மரியாதைக்கு ஏதாவது கேட்க வேண்டுமே என்பதற்காகவோ என்னவோ, "நீங்க எங்க தம்பி இருந்தீங்க?" என்றார். என் டம்ளர் கதை வாய்வரை வந்தது. பல பேரிடம் சொல்லிச் சொல்லி நன்றாகத் தேறியிருந்த கதை. "மெட்ராஸ்லம்மா" என்று மட்டும் சொன்னேன். "மேல்நாட்டுல இருந்தீங்களாக்கும்" என்றார். கடற்கரைக்காரர்களுக்குக் கடலை விட்டுத் தள்ளியிருக்கும் எல்லாமே மேல்நாடுதான், கிண்டல் ஒன்றும் இல்லை. அதற்கப்புறம் விலைவாசி, படகு, வலைக்கு வந்த பணம் என்று பேசிக்கொண்டிருந்தோம். அவர் வீட்டில் எத்தனை பேர் போனார்கள் என்பதைத் திரும்பி வரும்போது கூட வந்தவர்தான் சொன்னார்.

ஆனால் தூரம் என்று எதைச் சொல்கிறேன்? இங்கேதான் எனக்கு என் ஊரே இடிக்கிறது. அப்பா பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். எண்பதைத் தாண்டிவிட்டார், ஞாபகத்தில் குறையில்லை. 1969 பிப்ரவரி 3-ஆம் தேதியை நிமிஷக் கணக்கில் சொல்வார். விடிகாலை டீக்கடை ரேடியோ, அண்ணா போய்விட்டார் என்றதும் டீ மாஸ்டர் கையில் இருந்த வெந்நீரை அப்படியே தரையில் கொட்டியது, டிக்கெட் கிடைக்காமல் ரயிலில் தொற்றிக்கொண்டு மெட்ராஸ் போனது, ராஜாஜி ஹால் படிக்கட்டில் ஒற்றைச் செருப்பைத் தொலைத்தது, மிச்சமிருந்த ஒற்றையையும் கழற்றி எறிய மனசில்லாமல் கையிலேயே வைத்துக்கொண்டு ஊர் திரும்பியது. ஒற்றைச் செருப்பைச் சொல்லும்போது இன்றும் குரல் தழுதழுக்கும். அதற்குச் சரியாக 40 நாள் முன்னால், 1968 டிசம்பர் 25 ராத்திரி, நாங்கள் இருந்த இடத்திலிருந்து சைக்கிளில் போய் வரக்கூடிய தூரத்தில் கீழவெண்மணியில் 44 பேரை ஒரு குடிசையில் வைத்துக் கொளுத்தினார்கள். எட்டடிக்கு ஒன்பதடி குடிசை என்பார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். அந்தக் குடிசைக்காரர்கள் கூலியாக அரைப்படி நெல் கூடக் கேட்டார்கள், செங்கொடியை இறக்க மாட்டோம் என்றார்கள். "வெண்மணி அன்னைக்கு நீங்க எங்கப்பா இருந்தீங்க?" என்று கேட்டேன். "எந்த அன்னைக்கு?" என்றார். தேதியைச் சொன்னேன். யோசித்தார். அரையாண்டு லீவாக இருந்திருக்கும், வீட்டில்தான் இருந்திருப்பேன் என்றார். இருந்திருப்பேன். நினைவிலிருந்து வந்த சொல் இல்லை, கணக்குப் போட்டு வந்தது. "பேப்பர்ல பாத்தோம்ப்பா. விவசாயிங்க தகராறுன்னு போட்டிருந்தான்னு நெனைக்கிறேன்." எந்தப் பேப்பர், யார் கொண்டுவந்து கொடுத்தது, அப்போது பக்கத்தில் யார், ஒன்றும் இல்லை. அப்பா மிராசுதார் இல்லை. அண்ணாவைப் படித்தவர், பெரியார் கூட்டத்துக்குப் போனவர். அவரைக் கூண்டில் ஏற்றும் எண்ணமும் எனக்கு இல்லை. ஆனால் முந்நூறு கிலோமீட்டர் தள்ளி நடந்த சாவில் அவருக்கு ஒரு செருப்பு போயிருக்கிறது. சைக்கிள் தூரத்தில் நடந்ததில் ஒன்றும் போகவில்லை.

அம்மா வீட்டுக்குக் குடவாசல் பக்கம் மூன்று வேலி நிலம். பேச்சைக் கேட்டுக்கொண்டு உள்ளே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா, எங்களைப் பார்க்காமலே சொன்னார், அந்தப் பொங்கலுக்குத் தாத்தா கொல்லைப்பக்கம் வரவே இல்லை என்று. வருஷா வருஷம் ஆட்கள் கொல்லையில் வந்து நிற்பார்கள், தாத்தா கையாலேயே வேட்டியும் துண்டும் ஒரு மரக்கால் நெல்லும் கொடுப்பார். அந்த வருஷம் காரியஸ்தர் கொடுத்தார். கொல்லைக் கதவை உள்ளே தாழ் போட்டிருந்தது. பகலில் அந்தக் கதவுக்குத் தாழ் போட்டு அம்மா பார்த்ததே இல்லை. துருப்பிடித்துப் போய் நகராமல் தேங்காயெண்ணெய் விட்டு நகர்த்தினார்களாம். "எதுக்குன்னு அப்ப தெரியாது" என்றார். இதை எவ்வளவு நம்பலாம் என்று எனக்குள் ஒரு வாதம் நடந்துகொண்டே இருக்கிறது. அம்மா வெண்மணியை வைத்து எழுதிய 'குருதிப்புனல்' நாவலைப் படித்தவர். பின்னால் படித்ததும் கேட்டதும் சேர்ந்து அந்தப் பொங்கலுக்கு ஒரு தாழ்ப்பாளைச் செய்து மாட்டியிருக்கலாம், வங்கிக்காரருக்குச் சன் டிவி வந்ததுபோல. ஆனால் எண்ணெய் விட்டு நகர்த்தினது? அதை யார் கற்பனை செய்வார்கள்? அந்த வீட்டில் செய்தி வந்து சேர்ந்தது என்பதற்கு என்னிடம் இருக்கிற சாட்சி அந்த எண்ணெய் ஒன்றுதான். துக்கமாக வரவில்லை, பயமாக வந்திருக்கிறது. அன்றைக்கு எங்கே இருந்தீர்கள் என்று தாத்தாவைக் கேட்டிருந்தால், கதவுக்கு உள்பக்கம் என்பதுதான் பதில்.

இதற்கெல்லாம் ரேடியோவும் தந்தியும் சரியாக இல்லாததுதான் காரணம் என்று வாதாடிப் பார்த்திருக்கிறேன். ஒரு சாவு நாடு முழுக்க ஒரே நாளில் போய்ச் சேர்ந்தால்தானே அதைக் கேட்ட இடம் என்று ஒன்று உண்டாகும்? 1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடியில் புயலில் பாம்பன் பாசஞ்சரோடு ஊரே போனது. வெளியே தெரிய நேரம் ஆயிற்று. அந்தப் புயலைப் பற்றிப் பேசுகிறவர்கள் தாங்கள் எங்கே இருந்தோம் என்று சொல்வதில்லை, ஜெமினியும் சாவித்திரியும் ராமேஸ்வரத்தில் மாட்டிக்கொண்டிருந்தார்கள் என்று சொல்வார்கள். நமக்கு இடம் இல்லாதபோது நட்சத்திரங்களின் இடத்தையாவது வைத்துக்கொள்கிறோம். கொரோனாவில் இதற்கு நேர்மாறு. செய்தி நொடிக்கு நொடி வந்தது, எல்லோரும் வீட்டிலேயே இருந்தார்கள், ஆகவே யாருக்கும் சொல்ல இடமில்லை. 2021 ஏப்ரல் கடைசியில் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் ரெம்டெசிவிர் மருந்துக்காக ராத்திரி பகலாக வரிசையில் நின்றவர்களைத் தவிர. அவர்கள் பேசுவதில்லை. சரி, ஊடகம்தான் காரணம் என்றே வைத்துக்கொள்வோம். அந்த வாதம் 2009-ல் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறது.

2009-ல் எல்லோர் வீட்டிலும் இருபத்துநாலு மணி நேரச் சேனல் இருந்தது, கையில் செல்போன் இருந்தது, கடல் நடுவில் சில மைல்தான். முள்ளிவாய்க்காலில் ஈழப் போரின் கடைசி நாட்கள் மே மாதம் மூன்றாவது வாரம். எத்தனை பேர் என்பதில் இன்றுவரை சண்டை. 40,000 வரை இருக்கலாம் என்று ஐ.நா. பொதுச்செயலாளரின் வல்லுநர் குழு 2011-ல் சொன்னது. டொரண்டோவில் இருக்கும் நண்பர் ஒருவரிடம், யாழ்ப்பாணத்திலிருந்து போனவர், இந்தக் கட்டுரைக்காக என்று சொல்லாமல் போனில் கேட்டேன். "அண்டைக்கு எண்டு ஒரு நாள் இல்லை, அண்ணை" என்றார். மே 10-ஆம் தேதி கார்டினர் நெடுஞ்சாலையை மறித்துக்கொண்டு ஆயிரக்கணக்கில் உட்கார்ந்தார்கள், அவர் தன் சின்ன மகளைத் தள்ளுவண்டியில் வைத்துக் கூட்டிப்போயிருக்கிறார். அது ஞாபகம் இருக்கிறது. வன்னியில் இருந்த அக்காவிடமிருந்து கடைசியாக வந்த போனில் பின்னால் கேட்ட சத்தங்கள் ஞாபகம் இருக்கின்றன. "பேந்து போன் வாறது நிண்டுட்டுது. எப்ப நிண்டது எண்டு ஆருக்குத் தெரியும்? வரேல்லை எண்டுறதை எப்பிடித் தேதி போட்டு ஞாபகம் வைக்கிறது?" கொஞ்ச நேரம் அங்கே பனி கொட்டுவதைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டார். என்னிடம் அவர் திருப்பிக் கேட்கவில்லை. நாற்பது வயதைத் தாண்டிய என் நண்பர்களிடம் பிறகு கேட்டுப் பார்த்தேன். இயக்கத் தலைவர் செத்துவிட்டார் என்ற செய்தி வந்த சேனல் எது என்பது இரண்டொருவருக்குத் தெரிந்தது, உண்மையா பொய்யா என்று யாரிடம் விவாதித்தோம் என்பதும். கட்சி ஆட்களுக்கு இன்னும் கொஞ்சம் தெரிந்தது, அவர்கள் மறியலுக்குப் போனவர்கள். மற்றவர்களுக்கு மே 17, 18 எல்லாம் காலண்டரில் சாதாரணத் தாள்.

ஆனால் மே 16, சனிக்கிழமை, அவர்கள் எல்லோருக்குமே இருக்கிறது, எனக்கும். நாடாளுமன்றத் தேர்தல் வாக்கு எண்ணிக்கை. ராயப்பேட்டையில் ஒரு அலுவலகம், டிவியைச் சுற்றி மேஜைமேலும் ஜன்னல் விளிம்பிலும் உட்கார்ந்திருந்தோம். மத்தியானம் பார்சல் பிரியாணி வந்தது. ராஜபக்சே வெளிநாட்டில் ஒரு மாநாட்டு மேடையிலிருந்தே போரை வென்றுவிட்டதாக அறிவித்த நாளும் அதுதான். திரையின் அடியில் எங்கேயோ அது எழுத்தாக ஓடியிருக்க வேண்டும், மேலே தொகுதி தொகுதியாக முன்னிலை ஓடிக்கொண்டிருந்தபோது. ஓடியிருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன், அப்பா சொன்ன அதே இலக்கணத்தில். சிவகங்கையில் ராஜகண்ணப்பன் ஜெயித்துவிட்டார் என்றார்கள், இல்லை சிதம்பரம் என்றார்கள், மறுபடி எண்ணுகிறார்கள் என்றார்கள். யாரோ பந்தயம் கட்டினார்கள், யாரோ ரிமோட்டைப் பிடுங்கி வேறு சேனல் மாற்றினார்கள். கடைசியில் சிதம்பரம்தான். வித்தியாசம் 3,354 ஓட்டு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.